“மேலே உள்ள படத்தில் காண்பது போல”: ஒரு அசைன்மென்ட் கட்டுல நடந்தது

இது 2023 ஏப்ரல்ல ஆரம்பிச்சு 2024 பிப்ரவரில ஒரு மாதிரி முடிஞ்ச விஷயம். திருப்பூர் பக்கம் ஒரு காலேஜ்ல ஞாயித்துக்கிழமை மட்டும் நடக்கிற ஸ்டடி சென்டர், அங்க நான் எம்.ஏ. பொருளாதாரத்துக்கு கவுன்சிலர், அதாவது வகுப்பு எடுத்து அசைன்மென்ட் திருத்தற ஆள். பல்கலைக்கழகம் பேரு, சென்டர் பேரு, ஆளுங்க பேரு எதுவும் போடல. என் பங்கு தப்பும் இதுல இருக்கு, அதை மறைக்காம எழுதுறேன்.

பின்னணி

வெளிய இருக்கறவங்களுக்கு முதல்ல இந்த முறை எப்படின்னு சொல்லிடறேன். தொலைநிலைக் கல்வில ஒரு பேப்பருக்கு மார்க் ரெண்டு இடத்துல இருந்து வரும், வீட்டுல உக்காந்து எழுதித் தர்ற அசைன்மென்ட் ஒண்ணு, ஹால்ல போய் எழுதற டெர்ம் எண்ட் எக்ஸாம் ஒண்ணு. யுஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2020 விதிமுறைப்படி தொடர் மதிப்பீட்டுக்கு அதிகபட்சம் 30 சதவீதம், முடிவுத் தேர்வுக்கு குறைஞ்சது 70. எங்க பல்கலைக்கழகத்துலயும் 30-70 தான். ரெண்டுக்கும் தனித்தனியா நூத்துக்கு மார்க் போட்டு அப்புறம் கணக்குப் பண்ணுவாங்க. எம்.ஏ.வுக்கு அசைன்மென்ட்ல 40, எக்ஸாம்ல 40, தனித்தனியா எடுக்கணும், ஒண்ணுல 90 எடுத்து இன்னொண்ணுல 35 எடுத்தா கிரேடு கார்டுல ‘முடிக்கவில்லை’ன்னுதான் வரும்.

கேள்விகள் ஒவ்வொரு செஷனுக்கும் மாறும், பல்கலைக்கழகமே வெப்சைட்ல போடும். கையால எழுதி, மேல பதிவு எண், பேப்பர் கோடு எல்லாம் போட்டு மார்ச் 31-க்குள்ள (அடுத்த செஷன்னா செப்டம்பர் 30) சென்டர்ல குடுத்து ரசீது வாங்கணும். கவுன்சிலர் திருத்தி, கருத்து எழுதி, அவார்டு லிஸ்ட்ல மார்க் போடுவார், அது ரீஜனல் சென்டர் போய் போர்ட்டல்ல ஏறும். அசைன்மென்ட்ல ஃபெயிலானா பழைய கேள்வியையே திரும்ப எழுத முடியாது, அடுத்த செஷன் கேள்வியை டவுன்லோட் பண்ணி எழுதணும். இந்த ஒரு விதியாலதான் இந்தக் கேஸ்ல ஒன்பது பேருக்கு ஆறு மாசம் போச்சு.

இந்தக் கதைல வர்ற மாணவிக்கு அப்ப 34 வயசு. ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ், காலைல எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டு, ஏற்றுமதி அவசரம்னா பத்து. ரெண்டு பிள்ளைங்க. பி.காம். முடிச்சு பன்னெண்டு வருஷம் கழிச்சு எம்.ஏ. சேர்ந்தாங்க, 2022 ஜூலை செஷன். ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு மூணு தடவை வந்தாங்க, அதுக்கப்புறம் வரல. வராததுல எனக்கு ஆச்சரியமும் இல்ல, நாப்பது பேர் சேர்ந்தா வகுப்புக்கு பத்து பேர் வந்தாலே பெரிசு.

கட்டைப் பிரிச்சப்போ

ஏப்ரல் முதல் வாரம் நுண்ணினப் பொருளாதாரம் (மைக்ரோ எகனாமிக்ஸ்) பேப்பருக்கு 26 ஸ்கிரிப்ட் (விடைத்தாள்) ஒரு சணல் கயித்துல கட்டி வந்துச்சு. வழக்கமா நான் ஒரு ஸ்கிரிப்டை எடுத்து ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் திருத்தி மார்க் போட்டுட்டு அடுத்ததை எடுப்பேன். அந்தத் தடவை வீட்டுல கரண்ட் போயிட்டு போயிட்டு வந்துட்டு இருந்துச்சு, சரி முதல் கேள்வியை மட்டும் எல்லா ஸ்கிரிப்ட்லயும் பாத்து முடிச்சிருவோம்னு உக்காந்தேன். அது மட்டும் நடக்கலன்னா இந்தக் கேஸே இல்ல.

முதல் கேள்வி தேவை நெகிழ்ச்சி பத்தினது, அதாவது விலை மாறுனா தேவை எவ்வளவு மாறும்ங்கறது. மூணாவது ஸ்கிரிப்ட்ல “மேலே உள்ள படத்தில் காண்பது போல” அப்படின்னு ஒரு வரி. மேல படம் எதுவும் இல்ல. சரி வரைய மறந்துட்டாங்க போலன்னு அரை மார்க் குறைச்சேன். ஆறாவதுலயும் அதே வரி, படம் இல்ல. ஒன்பதாவதுலயும். எடுத்து வரிசையா தரையில பரப்பிப் பாத்தேன், மொத்தம் ஒன்பது ஸ்கிரிப்ட், வெவ்வேற கையெழுத்து, நீலம், கறுப்பு, ஒண்ணு பச்சை ஸ்கெட்ச்ல தலைப்பு போட்டது, ஆனா பத்தி பிரிக்கிற இடம் வரைக்கும் ஒண்ணுதான். ஒருத்தர் “பக்கம் 47 பார்க்க”ன்னும் சேர்த்து எழுதியிருந்தார், அவர் குடுத்ததே பதினாலு பக்கம்.

அதைவிட என்னை உக்கார வச்சது ஒரு எழுத்து. விலை மாறுனாலும் தேவை பெரிசா மாறாதுன்னா அதுக்குப் பேரு நெகிழ்ச்சியற்ற தேவை. ஏழு ஸ்கிரிப்ட்ல அது “நெகிழ்ச்சியுற்ற தேவை”ன்னு இருந்துச்சு. ‘ய’வுக்கு ஒரு உகரம் கூட விழுந்துருச்சு, அர்த்தம் நேர் எதிரா போச்சு. உப்பு, தீப்பெட்டி எல்லாம் நெகிழ்ச்சியுற்ற தேவைக்கு உதாரணம்னு ஏழு பேர் அழகா எழுதியிருக்காங்க. படிச்சு எழுதுற யாருக்கும் கை அங்க நின்னிருக்கும், இது படிக்காம எழுதுன கை.

விசாரிச்சா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைல ‘சால்வ்டு அசைன்மென்ட்’னு பிடிஎஃப் பிரிண்ட் போட்டுக் குடுக்கறாங்க, டெலிகிராம்லயும் சுத்துது. பிரிண்ட்ல படம் வரல, அதான் யார்கிட்டயும் படம் இல்ல.

என் பக்கத்து உண்மை

இங்க ஒண்ணு சொல்லணும். அதுக்கு முன்னாடி மூணு வருஷமா நானும் இப்படித்தான் திருத்துனேன்: பக்கம் நிறைஞ்சிருக்கா, தலைப்பு இருக்கா, ரெண்டு வரி அங்கங்க டிக், 70-ல இருந்து 78-க்குள்ள ஒரு மார்க், கருத்துப் பகுதில “நன்று” இல்லன்னா “இன்னும் விரிவாக எழுதலாம்”. ஒரு ஸ்கிரிப்டுக்கு குடுக்கற காசு டீ வடைக்குத்தான் ஆகும், அது ஒரு காரணம்னு சொல்லிக்கலாம், ஆனா முழுக் காரணம் இல்ல. திருத்துன ஸ்கிரிப்டை வாங்கிப் பாக்க யாரும் வர்றதில்ல, வர்றவங்களும் எக்ஸாம் முடிஞ்சுதான் வர்றாங்க, அப்புறம் யாருக்கு எழுதறதுன்னு எனக்கே விட்டுப் போச்சு.

பிரிட்டன்ல 1969-ல ஆரம்பிச்ச ஓப்பன் யுனிவர்சிட்டில இந்த டியூட்டர் மார்க்டு அசைன்மென்ட்ங்கறது (வாத்தியார் திருத்தித் தர்ற அசைன்மென்ட்) பரீட்சையா மட்டும் இல்ல, அதுதான் வகுப்பு. வாத்தியாரும் மாணவரும் நேர்ல பாக்காத இடத்துல பேப்பர்லதான் பேசிக்கணும், அவர் எழுதுறாரு, இவர் ஓரத்துல பதில் எழுதுறாரு. டெல்லில 1962-ல தபால் வழிப் படிப்பு தொடங்குனப்பவும் தபால்ல போய் வர்ற விடைத்தாள்தான் வாத்தியாருக்கும் மாணவருக்கும் நடுவுல இருந்த கயிறு. எங்க ஓரியன்டேஷன்லயும் இதைச் சொல்லிக் குடுத்தாங்க, ஓரக் குறிப்பு எப்படி, மொத்தக் கருத்து எப்படின்னு அரை நாள் வகுப்பே எடுத்தாங்க. நான் அந்த நோட்டை எங்க வச்சேன்னே தெரியல.

அப்ப அவங்க படிக்காம எழுதுனாங்க, நான் படிக்காம திருத்துனேன். இதுல யாரு முதல்ல ஆரம்பிச்சாங்கன்னு கேட்டா என்னால பதில் சொல்ல முடியாது.

என்ன முடிவு, ஏன்

ஸ்டடி சென்டர் கோஆர்டினேட்டர்கிட்ட போன் பண்ணேன். வயசுல பெரியவர், நல்ல மனுஷன். “ஏம்மா, எதுக்கு வம்பு, அறுபது போட்டு அனுப்பிருங்க, வேலைக்குப் போறவங்க பாவம்”னார். அவர் சொன்னதுல நியாயம் இல்லாம இல்ல, ஏன்னா மத்த பேப்பர்ல இதே ஆளுங்களுக்கு இதே மாதிரி பிடிஎஃப்க்கு 75 விழுந்திருக்கும், என் பேப்பர்ல மட்டும் மாட்டுனா அது தண்டனை மாதிரி இல்ல, லாட்டரி மாதிரிதான் இருக்கும்.

இன்னொரு பக்கம் அசைன்மென்ட் புக்லெட்டோட ரெண்டாவது பக்கத்துலயே ஒரே மாதிரி விடை வந்தா நிராகரிக்கப்படும்னு அச்சடிச்சிருக்கு. ஒன்பது பேருக்கும் பூஜ்யம் போட்டா என் வேலை பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும். ஆனா அவங்களுக்கு ஏன்னு தெரியாது, செப்டம்பர்ல அடுத்த பிடிஎஃப் வாங்குவாங்க.

கடைசில இப்படிப் பண்ணேன். ஒன்பது பேருக்கும் 40-க்குக் கீழ, அதாவது திரும்ப எழுதணும். பூஜ்யம் போடல, ஏன்னா மத்த மூணு கேள்வில சிலர் சொந்தமாவும் எழுதியிருந்தாங்க, அதுக்கு உண்டான மார்க்கைப் போட்டேன், அது 12-ல இருந்து 31 வரைக்கும் வந்துச்சு. அவார்டு லிஸ்ட்டை அனுப்பறதுக்கு முன்னாடி ஒன்பது பேரையும் போன்ல கூப்பிட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை வரச் சொன்னேன். பாடப் புத்தகத்தை அப்படியே வரி மாறாம எழுதியிருந்தவங்க வேற நாலு பேர் இருந்தாங்க, அவங்களை பாஸ் போட்டு விட்டேன். புத்தகமாவது கைல எடுத்துப் பிரிச்சிருக்காங்களேன்னுதான். இந்தக் கோடு சரியான இடத்துல போட்டேனான்னு இன்னைக்கும் எனக்கு நிச்சயமில்ல.

அந்த ஞாயித்துக்கிழமை

ஆறு பேர் வந்தாங்க. ஒருத்தர் வந்த உடனே சண்டை, “எல்லாரும்தான் எழுதறாங்க, எங்களை மட்டும் ஏன்?” அவருக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல, ஆமா எல்லாரும் எழுதறாங்க, எனக்கு இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதுன்னேன்.

பனியன் கம்பெனி அம்மா கடைசியா வந்தாங்க, சின்னப் பிள்ளையையும் கூட்டிட்டு. ஸ்கிரிப்டை முன்னால வச்சு அந்த வரியைக் காட்டுனேன், “இது என்ன படம்ங்க?” கொஞ்ச நேரம் பாத்துட்டு, “தெரியலைங்க மேடம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எழுதுனேன், என்ன எழுதுனேன்னே தெரியல”ன்னாங்க. அழல, சமாதானமும் சொல்லல.

இந்தப் பேப்பர் ஆறு கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்புன்னு கணக்கு, ஆக 180 மணி நேரம். அவங்களுக்கு வாரத்துல மிஞ்சறது ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு மூணு மணி நேரம், அதுவும் துணி துவைச்சு முடிச்சா. இந்தக் கணக்கை சேரும்போது யாரும் அவங்ககிட்ட போட்டுக் காட்டல, நானும் சேர்த்துத்தான்.

நெகிழ்ச்சின்னா என்னன்னு கேட்டேன், தெரியலன்னாங்க. சரி அதை விடுங்க, உங்க கம்பெனில நூல் விலை ஏறுனா என்னங்க பண்ணுவீங்கன்னு கேட்டேன். அங்கதான் ஆள் மாறிட்டாங்க. 2022-ல நூல் விலை ஏறி ஏறி மே மாசம் திருப்பூரே ரெண்டு நாள் கடையடைச்ச கதை எல்லாருக்கும் தெரியும், அவங்க அதை பில் போட்ட இடத்துல இருந்து சொன்னாங்க. “மாசம் ஒண்ணாந்தேதி மில்லுக்காரங்க விலை சொல்லுவாங்க மேடம். நம்ம பையர்கிட்ட மூணு மாசம் முன்னாடியே பீஸுக்கு இவ்வளவுன்னு ஒத்துக்கிட்டோம், இப்ப ஏத்திக் குடுன்னா குடுப்பானுங்களா? ஏறுன விலைக்கே வாங்கித்தான் ஆகணும், இல்லன்னா ஆர்டர் போயிரும். கொஞ்சம் கூடக் குறைச்சு வாங்க முடியாது, எத்தனை பீஸோ அத்தனைக்கு நூல் வேணும்ல.”

அதுதாங்க நெகிழ்ச்சியற்ற தேவைன்னேன். ‘உற்ற’ இல்ல, ‘அற்ற’. அப்புறம் கேட்டேன், ஒரு வருஷம் இதே விலை நின்னா? “அப்ப முதலாளி பாலியஸ்டர் கலந்த நூலுக்குப் போயிருவாரு, இல்ல ஆர்டரே எடுக்க மாட்டாரு.” குறுகிய காலத்துக்கும் நீண்ட காலத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் அவங்களே சொல்லி முடிச்சிட்டாங்க. கூட வந்த பொண்ணு அதுக்குள்ள என் சிவப்பு பேனாவை எடுத்து ஸ்கிரிப்டோட பின்பக்கம் மயில் வரைஞ்சிருச்சு.

அதுக்குப் பிறகு

ஜூன்ல எக்ஸாம் எழுதுனாங்க, அசைன்மென்ட் குடுத்த ரசீது இருந்ததால ஹால் டிக்கெட்ல பிரச்சினை வரல. நுண்ணினப் பொருளாதாரத்துல 47. செப்டம்பர்ல புது செஷன் கேள்விகளுக்குத் திரும்ப எழுதிக் குடுத்தாங்க. இந்தத் தடவை ஒன்பதே பக்கம், ரெண்டு இடத்துல தப்பு, ஒரு வரைபடத்துல அச்சு மாத்திப் போட்டிருந்தாங்க, ஆனா உற்பத்திச் செலவுக் கேள்விக்கு கட்டிங் மாஸ்டர் கூலியையும் கட்டட வாடகையையும் வச்சு மாறும் செலவு, மாறாச் செலவு பிரிச்சிருந்தாங்க. பீஸ் ரேட்டுக்கு ஓடுற தையல் எதுல வரும், மாசச் சம்பளத்து சூப்பர்வைசர் எதுல வருவாருன்னு ஒரு பத்தி. 68 போட்டேன். ஓரத்துல ஆறு இடத்துல எழுதுனேன், மூணு வருஷத்துல நான் எழுதுன மொத்தமும் அவ்வளவு இருக்காது.

மார்க் போர்ட்டல்ல ஏறவே மாட்டேன்னு நின்னுச்சு. டிசம்பர் வரைக்கும் பழைய மார்க்கே காட்டுச்சு, ரசீதை ஸ்கேன் பண்ணி மூணு மெயில், ஒரு நாள் லீவு போட்டு ரீஜனல் சென்டருக்கே போனாங்க. ரசீது இல்லாம இருந்தா அந்த செஷனும் போயிருக்கும், அதுல ஒரு சந்தேகமும் இல்ல. 2024 பிப்ரவரில கிரேடு கார்டு சரியாச்சு.

மத்த எட்டு பேர்ல நாலு பேர் செப்டம்பர்ல சொந்தமா எழுதுனாங்க, சுமாரா இருந்தாலும் சொந்தம். ரெண்டு பேர் புது செஷனுக்கு வந்த புது பிடிஎஃப் வாங்கி எழுதுனாங்க, அந்த ஜெராக்ஸ் கடை ரொம்ப வேகம். ஒருத்தர் ஒரு செஷன் தள்ளி எழுதுனார். ஒருத்தர் படிப்பையே விட்டுட்டார், ஞாயித்துக்கிழமை வராத மூணு பேர்ல ஒருத்தர் அவர், போனையும் எடுக்கல. நான் 60 போட்டிருந்தா அவர் இன்னைக்கு எம்.ஏ. முடிச்சிருப்பார்ங்கறது மனசுல ஓடாம இல்ல.

இப்ப மாத்துனது, மாத்த முடியாதது

திருத்தறது இப்ப எப்பவும் கேள்வி வாரியாத்தான், ஸ்கிரிப்ட் வாரியா இல்ல. அதுல காப்பி மட்டும் இல்ல, எந்தப் பாடத்தை யாருமே புரிஞ்சுக்கலங்கறதும் தெரியுது, அதை அடுத்த ஞாயிறு எடுக்க முடியுது.

முதல் வகுப்புலயே மூணு விஷயம் சொல்லிடறேன், ரசீதை போட்டோ எடுத்து வைங்க, குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைங்க, ஒவ்வொரு விடைலயும் உங்க வேலைல இருந்து ஒரு உதாரணம் எழுதுங்க. கேள்வியை மாத்த எனக்கு அதிகாரம் கிடையாது, உதாரணம் கேக்கறதுக்கு யார் அனுமதியும் வேண்டாம். கருத்து எழுதுன பக்கத்தை எக்ஸாமுக்கு முன்னாடியே போட்டோ எடுத்து வாட்சப்ல அனுப்பறேன். இது ஒண்ணுதான் நான் செஞ்சதுலயே உருப்படியானதுன்னு நினைக்கிறேன், ஏன்னா இதைப் பாத்துட்டு எதிர்கேள்வி கேக்கறாங்க, “நீங்க தப்புன்னு போட்டது தப்பில்லையே மேடம்”னு கூட ஒருத்தர் கேட்டு அது சரியாவும் இருந்துச்சு.

அதே திரும்ப நடந்தா, வராத மூணு பேருக்கும் போனோட நிறுத்தாம இன்னொரு ஞாயிறு குடுத்திருப்பேன். மத்த பேப்பர் கவுன்சிலர்களையும் முதல்லயே கூப்பிட்டுப் பேசியிருப்பேன், தனியா என் பேப்பர்ல மட்டும் புடிச்சது நியாயமில்ல.

ஆனா அந்த “மேலே உள்ள படத்தில்” மாதிரி ஒரு துப்பு இனி கிடைக்காது. இப்ப சாட்ஜிபிடில எழுதிட்டு வர்றாங்க, ஒருத்தருக்கு ஒரு மாதிரி வார்த்தை, பிழையே இல்ல, உதாரணம் கேட்டா அதுவே திருப்பூர்னு ஒண்ணு போட்டுக் குடுக்குது. அந்த உதாரணத்துல நூல் விலை எந்தத் தேதி மாறும்னு மட்டும் இருக்காது. இப்போதைக்கு சந்தேகம் வந்தா கூப்பிட்டு அஞ்சு நிமிஷம் பேசறேன். அதுக்கு விதியில இடம் இருக்கான்னு கோஆர்டினேட்டர் கேட்டார், இல்லன்னும் எங்கயும் போடலயேன்னேன்.

கிரேடு கார்டு வந்த அன்னைக்கு அந்த அம்மா போன் பண்ணாங்க. அந்தப் பேப்பர் கணக்கு இப்படி: எக்ஸாம் 47-ல 70 சதவீதம் 32.9, அசைன்மென்ட் 68-ல 30 சதவீதம் 20.4, மொத்தம் 53.3. “மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்தக் காப்பிக்கே நீங்க வழக்கம்போல 75 போட்டிருந்தா 55.4 வந்திருக்கும்ல?” அக்கவுண்ட்ஸ் ஆளு, கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. ஆமாங்கன்னேன். “சரிங்க மேடம், சும்மா போட்டுப் பாத்தேன்”னு சொல்லிட்டு, ரெண்டாம் வருஷ அசைன்மென்ட் கேள்வி வெப்சைட்ல இன்னும் வரலையேன்னு கேட்டாங்க.